அமில எதுக்களிப்பும் நார்ச்சத்தும்: எந்த வகை, எவ்வளவு, எந்த நேரத்தில்?

நெஞ்செரிச்சல் உள்ளவரிடம் "நார்ச்சத்து நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. அவரும் மறுநாளே மதியம் ஒரு பெரிய கிண்ணம் பச்சைக் காய்கறி சாலட், இரவுக்கு வேகவைத்த கொண்டைக்கடலை என்று இறங்கிவிடுவார். இரண்டு மூன்று நாளில் வயிறு உப்பி, புளித்த ஏப்பம் முன்னைவிட அதிகமாகும். "இதெல்லாம் நமக்கு ஒத்துக்காது" என்று பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுவார்.

அறிவுரையும் தவறில்லை, அவர் பட்ட அவஸ்தையும் பொய்யில்லை. நார்ச்சத்து என்ற ஒரே பெயருக்குள் உடம்பில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் பல பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சில எதுக்களிப்பைக் குறைக்கும், சில கிளப்பிவிடும். எதை, எவ்வளவு வேகத்தில், எந்த வேளையில் சேர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது.

முதலில் ஒரு வடிகட்டல்: இது உங்களுக்கு ஏற்றதா?

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் உணவு மாற்றத்தில் இறங்காதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். விழுங்கும்போது உணவு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்குவது, விழுங்கினால் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, தொடர் வாந்தி, இரத்தசோகை. இரத்த வாந்தி எடுத்தாலோ மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சை அழுத்துகிற வலி கை, தாடை, முதுகு என்று பரவினாலோ, கூடவே வியர்த்து மூச்சு வாங்கினாலோ, அதை நெஞ்செரிச்சல் என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மாரடைப்பும் நெஞ்செரிச்சலும் ஒன்றைப்போல் ஒன்று தோன்றக்கூடியவை.

இன்னும் சிலருக்கு நார்ச்சத்தைக் கூட்டுவதே கெடுதல். இரைப்பை மிக மெதுவாகக் காலியாகும் கோளாறு (நீண்டகால சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு வரும்), உணவுக்குழாயிலோ குடலிலோ குறுக்கம், அண்மையில் நடந்த வயிற்று அறுவை சிகிச்சை ஆகியவை அந்த வகை. மெதுவாக நகரும் இரைப்பையில் நார் தேங்கி உருண்டையாகக் கட்டிக்கொள்ளவும் கூடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. நாம் விழுங்கும்போது அது திறக்கும், மற்ற நேரத்தில் இறுக்கி மூடியிருக்கும். அமிலம் அதிகமாகச் சுரப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அமிலம் சாதாரண அளவில்தான் சுரக்கிறது. இருக்கக்கூடாத இடத்துக்கு அது ஏறிவருவதுதான் கோளாறு.

ஏறிவர முக்கியமாக மூன்று வழிகள். விழுங்காத நேரத்திலும் அந்தத் தசை சில நொடிகள் தானாகத் தளர்ந்துவிடுவது முதல் வழி. எதுக்களிப்பின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது, வயிறு நிரம்பி விரியும்போது இந்தத் தளர்வு கூடுகிறது. தசையே பலவீனமாகி எப்போதும் அரைகுறையாக மூடியிருப்பது இரண்டாவது. வயிற்றுக்குள் அழுத்தம் கூடுவது மூன்றாவது. தொப்பை, கர்ப்பம், இறுக்கமான பெல்ட், மலச்சிக்கலால் முக்குவது எல்லாம் இதில் அடங்கும். இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறும் ஹயாட்டஸ் ஹெர்னியா இருந்தால் இவை எல்லாமே மோசமாகும்.

நார்ச்சத்து இந்த மூன்றையும் தொடக்கூடியது. நல்லதாகவும் தொடும், கெட்டதாகவும் தொடும்.

ஆய்வுகள் சொல்வது, சொல்லாதது

2004-ல் நார்வேயில் 40,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. நார்ச்சத்து அதிகமுள்ள ரொட்டி சாப்பிடுபவர்களுக்கு எதுக்களிப்புத் தொல்லை வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஆனால் அப்படிச் சாப்பிடுபவர்கள் வேறு பல விஷயங்களிலும் உடம்பைக் கவனிப்பவர்களாக இருக்கலாம். அதனால் இதை வைத்து மட்டும் எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

2018-ல் ரஷ்யாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. உணவுக்குழாயில் புண் இல்லாத, ஆனால் நெஞ்செரிச்சல் உள்ள நோயாளிகள் அவர்கள். நாளுக்கு 20 கிராமுக்கும் குறைவாக நார்ச்சத்து சாப்பிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு 5 கிராம் இசப்கோல் (சைலியம் விதையின் உமி) மூன்று வேளை, 10 நாள் கொடுத்தார்கள். முழுமையாக முடித்த 30 பேரிடம், ஒரு நாளில் நடக்கும் எதுக்களிப்பின் எண்ணிக்கை சராசரியாக 67.9-லிருந்து 42.4 ஆகக் குறைந்தது. சுருக்குத்தசையின் குறைந்தபட்ச அழுத்தம் 5.41-லிருந்து 11.3 மி.மீ. பாதரச அளவுக்கு உயர்ந்தது. நெஞ்செரிச்சல் இருந்தவர்களின் விகிதமும் நன்றாகவே இறங்கியது.

எண்கள் கவர்ச்சியானவைதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத போலி மாத்திரை (பிளாசிபோ) பெற்ற குழு இதில் கிடையாது, ஆய்வின் காலமும் குறைவு. இதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். அதிகச் செலவில்லாத, ஆபத்து குறைந்த ஒன்றை முயன்று பார்க்க இது போதுமான காரணம், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிராக, 2003-ல் ஒரு சிறிய பிரெஞ்சு ஆய்வு. எதுக்களிப்பு நோயாளிகள் 9 பேருக்கு ஃப்ரக்டோஒலிகோசாக்கரைடு என்ற நார்ச்சத்தை 6.6 கிராம் வீதம் நாளுக்கு மூன்று முறை கொடுத்தார்கள். சுருக்குத்தசையின் தேவையற்ற தளர்வுகளும், உணவுக்குழாயில் அமிலம் படும் நேரமும், தொல்லைகளும் கூடின. பெருங்குடலில் இந்த நார் வேகமாகப் புளித்து, அங்கிருந்து கிளம்பும் ஹார்மோன் சமிக்ஞைகள் இரைப்பையின் மேற்பகுதியைத் தளர்த்துவதே காரணம் என்று கருதப்படுகிறது. சாலட்டும் கடலையும் சாப்பிட்டு அவதிப்பட்டவரின் கதைக்கும் இதில் பாதி விளக்கம் கிடைக்கிறது. மீதிப் பாதி, அளவும் வேகமும்.

படி 1: வகையைப் பிரித்துப் பாருங்கள்

கரையும் நார், கரையாத நார் என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். எதுக்களிப்புக்கு அந்தப் பிரிவு அவ்வளவாக உதவாது. கேட்க வேண்டிய கேள்விகள் இவை: தண்ணீரில் கூழாகிறதா? குடலில் வேகமாகப் புளிக்கிறதா?

கூழாகும், ஆனால் அதிகம் புளிக்காத வகைக்குச் சிறந்த உதாரணம் இசப்கோல். தொடங்குவதற்கு இதுவே பாதுகாப்பான வகை. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கனும் கூழாகும். அது புளிக்கக்கூடியது என்றாலும் மிதமான அளவில் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. தவிடு, முழுத்தானியங்களின் மேல்தோல், கீரைத் தண்டு போன்றவற்றில் இருப்பது பெரும்பாலும் கரையாத நார். அது மலத்தின் அளவைக் கூட்டி நகர்த்தும். திடீரென்று அதிகமானால் மட்டும் வயிறு கனக்கும்.

வேகமாகப் புளிக்கும் வகைகள்தான் கவனிக்க வேண்டியவை. வெங்காயம், பூண்டு, சிக்கரி வேர், பருப்பு பயறு வகைகளில் இவை அதிகம். இவை கெட்ட உணவு என்று அர்த்தமில்லை, குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு இவைதான் தீனி. தொடக்கத்தில் அளவாக, பகலில் மட்டும் சாப்பிட வேண்டிய உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இப்போது எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று கணக்கிடுங்கள்

பெரியவர்கள் உணவிலிருந்து நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து பெற வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். தொடர்ந்து மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுதிப் பார்த்தால் பலரும் இதில் பாதியைத்தான் தொட்டிருப்பார்கள். ஒரு தோராயக் கணக்குக்கு: உலர்ந்த ஓட்ஸ் 40 கிராமில் 4 கிராம் நார். வெந்த பருப்பு அரை கப்பில் 7 முதல் 8 கிராம். தோலோடு நடுத்தர ஆப்பிள் 4 கிராம், பேரிக்காய் 5 கிராமுக்குச் சற்று மேல், வாழைப்பழம் 3 கிராம். வெந்த காய்கறி அரை கப்பில் 2 முதல் 3 கிராம். வெள்ளை அரிசிச் சோறு ஒரு கப்பில் 1 கிராம்கூட இருக்காது, கைக்குத்தல் அரிசியில் 3 கிராம் அளவுக்கு இருக்கும்.

ஏற்கெனவே 25 கிராமுக்கு மேல் சாப்பிடுகிறீர்கள் என்றால் இன்னும் கூட்டுவதால் எதுக்களிப்பு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்களுக்கு வகையையும் நேரத்தையும் மாற்றுவதே பலன் தரும்.

படி 3: வாரத்துக்கு ஒரு மாற்றம்

ஒரு நாளில் சாப்பிடும் மொத்த நார்ச்சத்தில் 3 முதல் 5 கிராம், அதையும் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கூட்டுங்கள். 12 கிராமில் இருப்பவர் 25-ஐ எட்ட ஒரு மாதம் வரை ஆகலாம், ஆகட்டும். குடலில் உள்ள கிருமிகளின் கூட்டம் புதிய தீனிக்குப் பழக அவகாசம் வேண்டும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் வாரம் காலை உணவில் கைவையுங்கள். ஓட்ஸ் கஞ்சி அல்லது முழுத்தானிய உணவு. காலையில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் பிறகு நாள் முழுக்க நிமிர்ந்துதான் இருப்பீர்கள், ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் புவியீர்ப்பு உங்கள் பக்கம்.

இரண்டாம் வாரம், இரண்டு உணவுகளுக்கு இடையில் ஒரு பழம். புளிப்பில்லாத பழமாகப் பாருங்கள்: வாழை, பப்பாளி, பேரிக்காய், முலாம்பழம். ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி போன்றவை எல்லோருக்கும் தொல்லை தரும் என்றில்லை. உணவுக்குழாய் ஏற்கெனவே ரணமாக இருந்தால் எரியும், அப்போது சில வாரங்கள் தள்ளிவைத்தால் போதும்.

மூன்றாம் வாரம் மதிய உணவில் வெந்த காய்கறியை இரட்டிப்பாக்குங்கள், அந்த அளவுக்கு மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறையுங்கள். இது முக்கியம். பழைய தட்டின் மேலேயே காய்கறியையும் குவித்தால் வயிறு அதிகமாக விரியும், தசை தளரும், எரியும். கூட்டுவதல்ல, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. பச்சையாகச் சாப்பிடுவதைவிட வேகவைத்தது இடத்தையும் அடைக்காது, இரைப்பைக்கும் எளிது. சாலட்டை ஒதுக்கத் தேவையில்லை, ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்துங்கள். அதில் பச்சை வெங்காயம் வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் பச்சை வெங்காயம் எதுக்களிப்பைக் கூட்டுவது சோதனைகளிலேயே தெரிந்தது.

நான்காம் வாரத்தில் பருப்பு, பயறு. ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, கால் கப் அளவில் தொடங்குங்கள். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

படி 4: இசப்கோல் எடுப்பதானால்

உணவிலேயே 25 கிராமை எட்ட முடிந்தால் இது தேவையில்லை. மலச்சிக்கலும் எதுக்களிப்பும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு மட்டும் இதை விரும்பிச் சொல்வேன். அவர்களுக்கு முக்குவது குறைவதே பெரிய நிவாரணம்.

நாளுக்கு ஒரு வேளை, 3 கிராம் அளவில் தொடங்குங்கள். ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் 5 கிராம், பிறகு தேவைப்பட்டால் இரண்டாம் வேளை. டீஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். உமி லேசானது, பொடி கனமானது, இரண்டும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் குறைந்தது 240 மி.லி. தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். தண்ணீர் போதாமல் விழுங்கினால் அது தொண்டையிலோ உணவுக்குழாயிலோ வீங்கி அடைத்துக்கொள்ளும். இது உண்மையான ஆபத்து, பயமுறுத்தலுக்காகச் சொல்லவில்லை. விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. வாயில் உலர்வாகப் போட்டு மேலே தண்ணீர் குடிக்கும் பழக்கமும் வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் எடுப்பதை எதுக்களிப்பு உள்ளவர்கள் தவிர்க்கலாம். மலச்சிக்கலுக்காக இரவில் குடித்து வந்தவர்கள் அதைக் காலைக்கோ மாலைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். இந்தக் கூழ் மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உறிஞ்ச விடாது. தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் விடுவது நல்லது. லித்தியம், டிகாக்சின், கார்பமாசெபைன் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களும் சொல்லிவிடுங்கள், சர்க்கரை ஏறும் வேகம் மாறக்கூடும்.

படி 5: தண்ணீரும் நேரமும்

நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாமல் விட்டால் மலம் இறுகிப்போகும். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து அரை லிட்டர் குடித்தால் இரைப்பை உப்பும். எனவே தண்ணீரை உணவுகளுக்கு இடையில் பரப்பிக் குடியுங்கள், சாப்பிடும்போது தொண்டை நனைய ஒரு சில வாய் போதும். சோடா கலந்த பானங்கள் வேண்டாம்.

நாளின் நார்ச்சத்தில் பெரும்பங்கு மதியத்துக்குள் முடியட்டும். இரவு உணவு சிறியதாக, எளிதில் செரிப்பதாக, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். பயறும் முட்டைக்கோசும் இரவில் வேண்டாம். இந்த மூன்று மணி நேர விதியைப் பின்பற்றாதவருக்கு எந்த நார்ச்சத்தும் உதவாது. நல்ல உணவு சாப்பிட்டாலும் நிரம்பிய வயிற்றோடு படுத்தால் மேலே வரத்தான் செய்யும்.

படி 6: லேபிளைப் படியுங்கள்

"நார்ச்சத்து நிறைந்தது" என்று அச்சிட்ட பிஸ்கட், எனர்ஜி பார், புரதப் பொடி ஆகியவற்றில் பெரும்பாலும் சேர்க்கப்படுவது இன்யூலின், சிக்கரி வேர் நார், ஒலிகோஃப்ரக்டோஸ். அந்த பிரெஞ்சு ஆய்வில் தொல்லை கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. பலவற்றில் சாக்லேட்டும் கொழுப்பும் வேறு. சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகளும் வாயுவைக் கிளப்பும். ஆரோக்கியத்துக்காக மாறிய பிறகு எரிச்சல் கூடியது என்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பொட்டலங்களைத்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். கால்சியம் அல்லது அலுமினியம் உள்ள அமில முறிப்பு மாத்திரைகளை அடிக்கடி மெல்பவர்களுக்கு மலச்சிக்கல் வரும், மக்னீசியம் உள்ளவை வயிற்றை இளக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் பலருக்கு மலத்தை இறுக்கும். நார்ச்சத்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டும் முன் இவற்றையும் கணக்கில் எடுங்கள்.

படி 7: எழுதிவைத்து முடிவெடுங்கள்

ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும்: இரவு உணவு முடிந்த நேரம், அன்று புதிதாகச் சேர்த்தது, எரிச்சல் 0 முதல் 10-க்குள் எவ்வளவு, இரவில் எழுப்பியதா, மலம் எப்படி. ஒரே நேரத்தில் இரண்டு புதிய உணவைச் சேர்க்காதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். உப்புசம் மட்டும் வந்து எரிச்சல் கூடாமல் இருந்தால் அளவை அப்படியே நிறுத்தி இன்னொரு வாரம் பாருங்கள். எரிச்சல் கூடினால் கடைசியாகச் சேர்த்ததை எடுத்துவிட்டு முந்தைய நிலைக்குப் போங்கள். இலக்கை எட்டிய பிறகு 4 வாரம் ஓடட்டும், அப்போதுதான் பலனைப் பற்றிச் சொல்ல முடியும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். கூடுதல் எடை இருந்தால் குறைப்பது, புகையை விடுவது, மதுவைக் குறைப்பது, இடது பக்கம் சாய்ந்து படுப்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழ் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது. தலையணைகளை அடுக்குவது அதற்கு ஈடாகாது. உடம்பு இடுப்பில் மடங்கி வயிற்றில் அழுத்தம் கூடும்.

மருந்து எடுத்துக்கொண்டிருந்தால்

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு எடுத்தால்தான் முழுப் பலன். நார்ச்சத்து அந்த மாத்திரைகளுக்கு மாற்று அல்ல. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ப் புண் தெரிந்தவர்கள், குறிப்பாகக் கடுமையான புண் உள்ளவர்களும் பேரட்ஸ் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்படலம் மாறிப்போன நிலை) உள்ளவர்களும், எரிச்சலே இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்னபடி மருந்தைத் தொடர வேண்டும்.

புண் இல்லாதவர்கள், சில வாரங்களாக நோட்டில் 0, 1 என்றே எழுதிக்கொண்டிருந்தால், மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்கும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். மாதக்கணக்கில் எடுத்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும், அதனால் வரும் எரிச்சலை நோய் திரும்பிவிட்டதாகத் தவறாக நினைக்க வாய்ப்புண்டு. படிப்படியாகக் குறைக்கும் அந்த வாரங்களில் உணவில் புதிதாக எதையும் சேர்க்காமல் வைத்திருங்கள்.